அரைகுறையாய்ப் பிறக்கும் ஆப்ஜெக்ட்கள்

கன்ஸ்ட்ரக்டர் என்றால் என்ன? வைவாவில் கேட்டால், நம்மில் யாரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்போம். கிளாஸின் பெயர்தான் அதற்கும் பெயர், ரிட்டர்ன் டைப் கிடையாது, ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாகவே ஓடும். 2 மதிப்பெண். அடுத்த கேள்வி!

பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் "போலீஸ்காரர் என்றால் யார்?" என்று கேட்டதற்கு "காக்கிச் சட்டை போட்டிருப்பார், தொப்பி வைத்திருப்பார்" என்று சொன்ன மாதிரி இருக்கிறது. ஆள் பார்க்க எப்படி இருப்பார் என்று புரிகிறது. அவருக்கு என்ன வேலை என்றுதான் தெரியவில்லை.

வேலை என்னவென்று யாரும் சொல்லித் தராததால், நாம் எழுதுகிற கிளாஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. மேலே ஐந்தாறு பிரைவேட் ஃபீல்ட். அதற்குக் கீழே ஒன்றுமே செய்யாத ஒரு காலி கன்ஸ்ட்ரக்டர். அப்புறம் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர். அதையும் நாம் டைப் அடிப்பதில்லை, எக்லிப்ஸ் ஒரே கிளிக்கில் எழுதிக் கொடுத்துவிடும். இதைத்தான் என்கேப்சுலேஷன் என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதி கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவில் இருக்கிற எல்லார் கையிலும் ஒரு சாவி கொடுத்தால் அது பூட்டா? ஃபீல்டை பிரைவேட் ஆக்கிவிட்டு அத்தனைக்கும் செட்டர் வைப்பதும் அதே கதைதான்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். ஆப்ஜெக்ட் என்று ஒன்று பிறந்தால் முழுசாகப் பிறக்க வேண்டும். முடியாவிட்டால் பிறக்கவே கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது நிலை இருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் கன்ஸ்ட்ரக்டரின் வேலை. மற்றதெல்லாம் சட்டையும் தொப்பியும்தான்.

முன்பதிவு கவுன்டரைப் பாருங்கள்

ரயில் முன்பதிவு கவுன்டரில் என்ன நடக்கிறது? படிவத்தை நிரப்பி நீட்டுகிறோம். ரயில் எண், தேதி, எங்கிருந்து எங்கே, யார் யார் போகிறார்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தேதி எழுதவில்லை என்றால் உள்ளே இருப்பவர் படிவத்தைத் திருப்பித் தள்ளுவார். பெயருக்குப் பக்கத்தில் வயது இல்லை என்றாலும் அப்படித்தான். எல்லாம் சரியாக இருந்தால்தான் டிக்கெட் அச்சாகி வெளியே வரும்.

"இந்தாங்க வெற்று டிக்கெட், தேதியையும் ஊரையும் வீட்டுக்குப் போய் சாவகாசமா நீங்களே எழுதிக்கோங்க" என்று எந்தக் கவுன்டரிலாவது கொடுத்து அனுப்புவார்களா? அப்படிக் கொடுத்தால், டிக்கெட் பரிசோதகர் ஒவ்வொரு பயணியிடமும் "உங்க டிக்கெட்டில் தேதி இருக்கா? ஊர் இருக்கா? பெயர் இருக்கா?" என்று நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நம்ம புரோகிராம்களில் நடப்பது இந்தக் கூத்துதான். காலி கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டு வெற்று டிக்கெட் வாங்குகிறோம். அப்புறம் ஒவ்வொரு செட்டராகக் கூப்பிட்டு நிரப்புகிறோம். ஏழு செட்டரில் ஒன்றை மறந்தால்? கம்பைலர் வாயைத் திறக்காது. டிக்கெட் மாதிரியே இருக்கும் ஒரு போலி டிக்கெட் பத்து மெத்தட் தாண்டி, மூன்று கிளாஸ் தாண்டிப் போய், எங்கேயோ ஒரு மூலையில் நல் பாயின்டர் எக்செப்ஷன் என்று வெடிக்கும். வெடித்த இடத்தில் தப்பு இருக்காது. தப்பு நடந்த இடத்தில் வெடிக்காது. தேடித் தேடி ராத்திரி போய்விடும்.

இதற்கு நாம் கண்டுபிடித்த வைத்தியம் இன்னும் மோசம். ஒவ்வொரு மெத்தட் தொடக்கத்திலும் "நல்லாக இல்லாவிட்டால்" என்று ஒரு இஃப். அதற்குள் இன்னொரு இஃப். பரிசோதகர் எல்லாரையும் எழுப்புகிறார் என்று சொன்னேனே, அதுதான் இது. கவுன்டரில் ஒரு தடவை செய்ய வேண்டிய வேலையைப் பெட்டி பெட்டியாக, ராத்திரி முழுக்கச் செய்கிறோம்.

நல் என்கிற சமாச்சாரத்தை 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்காக உருவாக்கியவர் டோனி ஹோர். 2009-ல் ஒரு மாநாட்டில் அவரே அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொல்லிவிட்டார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதே ஹோர் 1972-ல் எழுதிய கட்டுரை ஒன்றை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒரு கிளாஸுக்கு எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய ஒரு நிபந்தனை இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஓடும் கோடு அந்த நிபந்தனையை நிலைநாட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு மெத்தடும் அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். இன்வேரியன்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். சி பிளஸ் பிளஸ்ஸை உருவாக்கிய ஸ்ட்ரவுஸ்ட்ரப்பும் கன்ஸ்ட்ரக்டரின் கடமை இந்த நிபந்தனையை நிலைநாட்டுவதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்ட விஷயம் நம்ம பாடக்குறிப்புக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஜாவாவே பட்ட பாடு

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் ஜாவாவின் பழைய டேட் கிளாஸைப் பார்க்கலாம். அதன் கன்ஸ்ட்ரக்டருக்கு 2024, 1, 15 என்று மூன்று எண் கொடுங்கள். 2024 ஜனவரி 15 வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வருவது 3924 பிப்ரவரி 15! கொடுத்த வருடத்தோடு அது 1900-ஐக் கூட்டிக்கொள்ளும். மாதத்தை 0-விலிருந்து எண்ணும். பிப்ரவரி 30 என்று கொடுத்தாலும் முகம் சுளிக்காது, பேசாமல் மார்ச்சுக்குத் தள்ளிவிட்டுப் போகும். கவுன்டரில் தப்பான படிவத்தை வாங்கி, தானாக ஒரு தேதியை யூகித்து டிக்கெட் அடித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி.

அதோடு போகவில்லை. அந்த டேட் ஆப்ஜெக்டை உருவாக்கிய பிறகும் மாற்றலாம். நான் உங்கள் டிக்கெட்டுக்கு ஒரு தேதியைக் கொடுத்துவிட்டு, அப்புறம் என் கையில் இருக்கும் அதே தேதியை மாற்றினால், உங்கள் டிக்கெட்டுக்குள் இருக்கும் தேதியும் மாறிவிடும். உங்களுக்கே தெரியாமல்!

அந்த மூன்று எண் கன்ஸ்ட்ரக்டரைப் பயன்படுத்த வேண்டாம் என்று 1997-ல் வந்த ஜாவா 1.1-லேயே முத்திரை குத்திவிட்டார்கள். ஆனால் உருப்படியான மாற்று வர 2014-ல் ஜாவா 8 வெளியாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் வந்த லோக்கல் டேட் கிளாஸுக்கு வெளியிலிருந்து கூப்பிடும்படி கன்ஸ்ட்ரக்டரே கிடையாது. 'ஆஃப்' என்று ஒரு ஸ்டாட்டிக் மெத்தட். அதற்கு 2024, 2, 30 கொடுத்தால் எக்செப்ஷன், ஆப்ஜெக்ட் கிடையாது. கிடைத்துவிட்டால் அது சரியான தேதி, பிறகு யாராலும் மாற்ற முடியாது. ஆக, உங்கள் கையில் ஒரு லோக்கல் டேட் இருந்தால் அதைச் சந்தேகப்படத் தேவையே இல்லை. நல்ல ஆப்ஜெக்ட் உருவாக்கம் என்றால் என்ன என்று காட்ட ஆயிரம் யூஎம்எல் படம் வேண்டாம், இந்த இரண்டு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

இந்தக் காலி கன்ஸ்ட்ரக்டர் எங்கிருந்து வந்தது?

சும்மா வரவில்லை. 1997-ல் சன் நிறுவனம் ஜாவா பீன்ஸ் என்று ஒரு விதிமுறை வெளியிட்டது. திரையில் பட்டனையும் டெக்ஸ்ட் பாக்ஸையும் மவுஸால் இழுத்துப் போட்டு, பக்கத்துப் பெட்டியில் நிறத்தையும் அளவையும் மாற்றுகிறோமே, அந்த மாதிரிக் கருவிகளுக்காக எழுதப்பட்டது அது. கருவிக்கு ஒரு பட்டனை உருவாக்க வேண்டும், அது என்ன பட்டன் என்று அதற்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் ஆர்கியுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும், ஒவ்வொரு குணத்துக்கும் செட்டர் வேண்டும். அந்த இடத்துக்கு அது நியாயம்தான்.

பட்டனுக்கு எழுதிய சட்டத்தை டிக்கெட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் கொண்டுவந்து மாட்டியதுதான் அநியாயம். நிறம் சொல்லாத பட்டனுக்குச் சாம்பல் நிறம் போதும். கணக்கு எண் இல்லாத வங்கிக் கணக்கு என்றால் என்ன அர்த்தம்? ஜோஷுவா பிளாக் தன்னுடைய எஃபெக்டிவ் ஜாவா புத்தகத்தின் 2008-ஆம் வருடப் பதிப்பிலேயே இதைச் சொல்லிவிட்டார். உருவாக்கம் பல அழைப்புகளாகப் பிரிந்து கிடப்பதால், பீன் நடுவழியில் அரைகுறை நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு என்று. புத்தகம் நூலகத்தில் தூங்குகிறது. நாம் பீன் சமைத்துக்கொண்டிருக்கிறோம் :-)

"ஹைபர்நேட் காலி கன்ஸ்ட்ரக்டர் கேட்குதே!" என்று ஒரு குரல் வரும். கேட்கட்டும். ஜேபிஏ விதிமுறை அது பப்ளிக்காகவோ புரொடெக்டடாகவோ இருக்கலாம் என்கிறது. புரொடெக்டட் என்று போட்டு ஃபிரேம்வொர்க்குக்கு மட்டும் பின்வாசலைத் திறந்து வையுங்கள். அவர்களுக்காக முன்வாசலைப் பெயர்த்து எடுக்க வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றையும் உள்ளே திணிக்கலாமா?

கூடாது. இது எதிர்ப்பக்கத்து வியாதி. டிக்கெட் பதிவு செய்யும் ஒரு கிளாஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே டேட்டாபேஸ் இணைப்பு திறக்கிறோம், எஸ்எம்எஸ் அனுப்பும் ஆப்ஜெக்டை நியூ போட்டு உருவாக்குகிறோம், கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து இன்றைய தேதியை எடுத்துக்கொள்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றுமே கேட்கவில்லை, பரம சாது. உள்ளே போனால்தான் தெரிகிறது, ஊரையே கூட்டி வைத்திருக்கிறது.

இதை எப்படி டெஸ்ட் செய்வீர்கள்? டெஸ்ட் ஓடும்போதெல்லாம் யாருக்காவது எஸ்எம்எஸ் போகும். நெட்வொர்க் இல்லாவிட்டால் ஆப்ஜெக்டே பிறக்காது. இன்று பாஸ் ஆகிற டெஸ்ட், தேதி மாறினதும் நாளைக்கு ஃபெயில் ஆகும். கோடு ஒரு வரிகூட மாறியிருக்காது!

தேவையானதை உள்ளே உருவாக்காதே, வெளியிலிருந்து வாங்கிக்கொள். டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் என்று பயமுறுத்தும் பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். அந்தப் பெயரைப் பரவலாக்கியது மார்ட்டின் ஃபவுலர் 2004-ல் எழுதிய கட்டுரை. இதற்கு ஸ்பிரிங் வேண்டும், எக்ஸ்எம்எல் வேண்டும், அனோட்டேஷன் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு ஆர்கியுமென்ட் சேர்த்தால் அதுவே இன்ஜெக்ஷன். மெயின் மெத்தடில் உட்கார்ந்து நாலு நியூ போட்டு ஒன்றை ஒன்றோடு கோத்துவிட்டால் அதுவே கன்டெய்னர். கடிகாரத்தைக்கூட வெளியிலிருந்து கொடுக்கலாம், ஜாவா 8-ல் அதற்காகவே கிளாக் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. ஸ்பிரிங்கின் சொந்த ஆவணங்களே கட்டாயத் தேவைகளைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகத்தான் கொடுக்கச் சொல்கின்றன. நாம்தான் பிரைவேட் ஃபீல்டுக்கு மேல் ஒரு அனோட்டேஷனை ஒட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

ஆக, கன்ஸ்ட்ரக்டருக்கு மூன்றே வேலை. வாங்கு, சரிபார், வைத்துக்கொள். ஊர் சுற்றாதே.

எதைச் சரிபார்ப்பது?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "சரிபார்" என்றதும் எல்லா விதியையும் கன்ஸ்ட்ரக்டரில் கொட்டிவிடுகிறார்கள். ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன். இந்திய ரயில்வேயில் 120 நாள் முன்பே டிக்கெட் பதிவு செய்யலாம் என்று இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்தார்கள். ஆனால் அக்டோபர் 31 வரை பழைய விதிப்படி எடுத்த டிக்கெட் எல்லாம் செல்லும் என்றும் அறிவித்தார்கள்.

இப்போது டிக்கெட் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் "பயணத் தேதி இன்றிலிருந்து 60 நாளுக்குள் இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? அக்டோபர் 20-ல் ஒருவர் 2025 பிப்ரவரி 10-க்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். நவம்பர் 1-ஆம் தேதி டேட்டாபேஸிலிருந்து அதை எடுத்து ஆப்ஜெக்ட் ஆக்கினால் எக்செப்ஷன்! ஒழுங்காகப் பணம் கட்டி எடுத்த டிக்கெட்டை நம்ம கன்ஸ்ட்ரக்டர் செல்லாது என்கிறது.

டிக்கெட் என்று இருந்தாலே எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியவை சில உண்டு. பயணி குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் ஒன்றாக இருக்கக் கூடாது. தேதி இருக்க வேண்டும். எந்த மந்திரி வந்தாலும் இது மாறாது. இதற்குக் கன்ஸ்ட்ரக்டர் காவல். 60 நாள் என்பது டிக்கெட்டின் குணம் கிடையாது, பதிவு செய்யும் செயலுக்கான விதி. நாளைக்கே மாறலாம். அது பதிவு செய்யும் இடத்தில் இருக்க வேண்டும்.

பெயருள்ள ஸ்டாட்டிக் மெத்தட்டின் அருமை இங்கேதான் தெரியும். கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கிவிட்டு இரண்டு வாசல் வையுங்கள். ஒன்றுக்குப் பெயர் 'புதிதாகப் பதிவு செய்', அது இன்றைய தேதியையும் வாங்கி 60 நாள் விதியையும் பார்க்கும். இன்னொன்றுக்குப் பெயர் 'சேமித்ததை மீட்டெடு', அது அந்த விதியைப் பார்க்காது. இரண்டும் போய்ச் சேருவது ஒரே பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரில், அங்கே நிரந்தர நிபந்தனைகள் காவல் நிற்கும். இரண்டு கன்ஸ்ட்ரக்டர் எழுதினால் இரண்டுக்கும் கிளாஸின் பெயர்தான், எது எதற்கு என்று படிப்பவருக்குப் புரியாது. ஜாவாவிலேயே பிக் இன்டிஜர் கிளாஸில் ஒரு கன்ஸ்ட்ரக்டர் பகா எண்ணாக இருக்க வாய்ப்புள்ள எண்ணை உருவாக்கும். அதன் பெயரைப் பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பிற்பாடு 'புராபபிள் பிரைம்' என்று பெயர் வைத்து ஒரு மெத்தட் சேர்த்தார்கள்.

பத்து ஆர்கியுமென்ட் வந்தால்?

"எல்லாவற்றையும் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டால் பத்து ஆர்கியுமென்ட் வருதே, அசிங்கமா இருக்காதா?" என்று கேட்கலாம். அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்! அது ஆப்ஜெக்ட் உங்களிடம் முறையிடுவது. "எனக்குள் இரண்டு மூன்று பேர் குடியிருக்கிறோம், தனிக்குடித்தனம் வையுங்கள்" என்று. செட்டர் போட்டு அந்த வாயை அடைத்துவிட்டால் அசிங்கம் போய்விடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

ஏறும் ஊர், இறங்கும் ஊர் இரண்டும் ஸ்ட்ரிங்காக இருந்தால், மாற்றிக் கொடுத்தாலும் கம்பைலர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும். மதுரைக்குப் போக வேண்டியவருக்கு மதுரையிலிருந்து டிக்கெட் கிடைக்கும். ரயில் எண், தேதி, இரண்டு ஊர் எல்லாம் சேர்ந்தால் 'பயணம்' என்று ஒரு சின்ன கிளாஸ். பெயர், வயது சேர்ந்தால் 'பயணி'. டிக்கெட்டுக்கு இப்போது இரண்டே ஆர்கியுமென்ட். 2021-ல் ஜாவா 16-ல் நிரந்தரமாக வந்துவிட்ட ரெக்கார்ட் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. செட்டர் கிடையாது, ஃபீல்ட் எல்லாம் ஃபைனல், சரிபார்க்கக் கன்ஸ்ட்ரக்டரில் இடமும் உண்டு. அப்படியும் விருப்பத்துக்கு உரிய விஷயங்கள் நிறைய இருந்தால் பில்டர் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் பில்டர் என்பது படிவம், டிக்கெட் இல்லை. படிவம் அரைகுறையாக இருக்கலாம். கடைசியில் 'பில்ட்' என்று நீட்டும்போது கவுன்டரில் சரிபார்த்துத்தான் டிக்கெட் தர வேண்டும். சரிபார்க்காத பில்டர், புள்ளி வைத்துக் கோத்த செட்டர்தான்.

டிசைன் பேட்டர்ன் பக்தர்களுக்கு

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா கிளாஸுக்கும் ஒரு ஃபேக்டரி எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். 1994-ல் நால்வர் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்தில் உருவாக்கத்துக்கு என்று ஐந்து பேட்டர்ன் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு மருந்து. நோயே இல்லாதவன் ஐந்து மருந்தையும் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஸ்பிரிங்கில் அப்ஸ்ட்ராக்ட் சிங்கிள்டன் பிராக்ஸி ஃபேக்டரி பீன் என்று நிஜமாகவே ஒரு கிளாஸ் இருக்கிறது. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஃபிரேம்வொர்க் எழுதுபவர்களுக்கு அதற்கொரு காரணம் இருக்கலாம். நம்ம செமஸ்டர் பிராஜெக்டுக்கு என்ன காரணம்?

சிங்கிள்டன் இன்னும் மோசம். வைவாவில் அதிகம் கேட்கப்படுவது அது, தப்பாகப் பயன்படுவதும் அதுதான். எங்கிருந்து வேண்டுமானாலும் எட்டிப் பிடிக்கலாம் என்பதால், எந்த கிளாஸுக்கு எது தேவை என்று கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெயர் மாற்றிக்கொண்ட குளோபல் வேரியபிள். புத்தகம் எழுதிய நால்வரில் ஒருவரான எரிக் காமாவே, சிங்கிள்டனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்று 2009-ல் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். நம்ம கேள்வித்தாளிலிருந்து யார் நீக்குவது?

நல்ல ஆப்ஜெக்ட் உருவாக்கத்துக்குப் பேட்டர்ன் பெயர் எதுவும் மனப்பாடம் தேவையில்லை. ஒரு கிளாஸ் எழுதி முடித்ததும் ஒரே கேள்வி கேளுங்கள். இந்த கிளாஸை வைத்து ஒரு உருப்படாத ஆப்ஜெக்டை என்னால் உருவாக்க முடியுமா? முடியும் என்றால் என்றைக்காவது யாராவது உருவாக்கத்தான் போகிறார்கள், அதைத் தேடப் போவதும் நாம்தான். முடியாது என்றால் அந்தக் கிளாஸைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை குறைந்தது.

வைவாவில் அடுத்த முறை கன்ஸ்ட்ரக்டர் பற்றிக் கேட்டால் பெயர், ரிட்டர்ன் டைப் எல்லாம் ஒப்பித்துவிட்டு, "உருப்படாத ஆப்ஜெக்டை உள்ளே விடாமல் தடுப்பது" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அதற்குத் தனி மதிப்பெண் கிடைக்காது. ஆனால் பிராஜெக்ட் ஒப்படைக்கும் முந்தின நாள் ராத்திரி கொஞ்சம் தூங்கலாம். எனக்கு என்னவோ 2 மதிப்பெண்ணைவிட அது பெரிசாகத் தெரிகிறது.